மூன்றாவது மூவில் வரும் பிஷப்

வெள்ளைக் காய் வைத்திருப்பவர் மூன்றாவது மூவிலேயே பிஷப்பை வெளியே கொண்டுவந்து நம் குதிரைக்கு எதிரே நிறுத்தினால் என்ன செய்வது? செஸ் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, "எதுக்கு வந்த?" என்று அந்த பிஷப்பிடம் கேட்டுவிடுவேன். கேட்காமல் இருக்க எனக்கு வராது. பிறவிக் குணம்.

இந்தக் குணத்தை வைத்து நான் ஜெயித்த ஆட்டங்கள் உண்டு. வந்த பிஷப்பைத் திரும்பிப் போகவிடாமல் அடைத்துப் பிடித்து ஜெயித்த ஆட்டம் ஒன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ வருடமாக எழுத வேண்டாம், எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டது.

நான் பிறந்து வளர்ந்தது செல்லூரில். கீழே பவர்லூம், மேலே நாங்கள். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பிறகு அந்த வீட்டில் மெல்லப் பேசுவது பேசாமலிருப்பதற்குச் சமம். சாப்பிடக் கூப்பிட அம்மா வட்டிலைத் தரையில் தட்டுவாள். அண்ணன்மார் இரண்டு பேரோடும் மாடியில் செஸ் ஆடும்போது "செக்" என்று சொன்னால் காதில் விழாது, தரையை ஓங்கி அடிக்க வேண்டும். அடித்து அடித்தே ஆடிப் பழகினேன். கல்யாணமாகி ஆனையூருக்கு வந்த முதல் வாரம், "தண்ணி வந்திருச்சா?" என்று நான் சாதாரணமாகக் கேட்டதற்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, வந்த வாரமே சண்டையா?" என்றார்.

ஆனையூர் வீட்டில் மூன்றே பேர். என் வீட்டுக்காரர், நான், அவருடைய தங்கை. மாமனாரும் மாமியாரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார்கள். தங்கை அப்போது கல்லூரியில் கணக்குப் பாடம், இரண்டாம் வருடம். என்னைவிட நான்கு வயது சின்னவள். அவளுக்கு நான் மதினி, எனக்கு அவள் நாத்தனார். கல்லூரி செஸ் அணியில் அவள் இருந்தது எனக்கு முதலில் தெரியாது. ஒருநாள் அவள் அலமாரியில் மடக்கி வைத்திருந்த மரப் பலகையைப் பார்த்துவிட்டு நின்றேன்.

"மதினி, காய் நகத்தத் தெரியுமா?"

"தெரியுமாவா? எடுத்துட்டு வா புள்ள, பாப்போம்."

பதினைந்தே நிமிடத்தில் என்னைத் தோற்கடித்தாள். சத்தமே இல்லாமல். காயை வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. மூன்றாவது மூவில் பிஷப்பைக் கொண்டுவந்தாள். செல்லூரில் நாங்கள் மந்திரி என்போம், அவள் பிஷப் என்றாள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நான் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிக் கேட்டேன். பிஷப் ஒரு கட்டம் பின்வாங்கியது. அடுத்த சிப்பாயைத் தள்ளினேன். இன்னும் பின்வாங்கியது. விடுவேனா? இன்னொன்றையும் தள்ளினேன். எதிரி ஓடுகிறான் என்று எனக்கு ஒரே குஷி. அப்புறம் பார்த்தால் என் பக்கம் முழுக்க ஓட்டை. அவள் ராணி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

"கேளுங்க மதினி, தப்பில்ல," என்றாள் காய்களை அடுக்கிக்கொண்டே. "ஒரு தடவ கேட்டாப் போதும். விடாமத் துரத்திக்கிட்டே போகாதீங்க. பிஷப்பு நெனச்சா திரும்பி வந்துரும். துரத்திக்கிட்டுப் போன சிப்பாயி பின்னால வராதுல்ல?"

"வந்தவள வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்காம, பாயப் போட்டு உக்கார வைக்கச் சொல்றியா?"

"ஆமா. உக்கார வைங்க. நீங்க உங்க வேலயப் பாருங்க. ராஜாவ ஓரமாக் கொண்டுபோய் வச்சுட்டு அப்புறம் கேளுங்க."

நான் எங்கே கேட்டேன்? அடுத்த ஆட்டத்திலும் துரத்தினேன், அதற்கடுத்த ஆட்டத்திலும் துரத்தினேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. மத்தியானம் கல்லூரி விட்டு வந்ததும் சாப்பிட்டுவிட்டு அடுப்படித் தரையில் பலகையை விரிப்போம். கரண்ட் போன நாளென்றால் வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு நகர்வோம். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஆடுவேன். நான் தோற்பதைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, ஒருநாள் அவளே சொன்னாள்: "துரத்துறதுலயும் ஜெயிக்கிற வழி ஒண்ணு இருக்கு. அத மட்டும் கத்துக்கங்க."

அதை அவள் ஆடிக் காட்டினாள். ஓரத்துச் சிப்பாய் கேட்கிறது, பிஷப் பின்வாங்குகிறது. அடுத்த சிப்பாய் கேட்கிறது, இன்னும் பின்வாங்குகிறது. நடுவில் குதிரைகள் வெட்டுப்படுகின்றன. அங்கே மிஞ்சி நிற்கும் ஒரு சிப்பாயை வெள்ளை ராணி ஆசைப்பட்டு வெட்டினால், கதை முடிந்தது. மூன்றாவது சிப்பாய் வந்து ராணியை மிரட்டும். ராணி நகரும். அதே சிப்பாய் இன்னும் ஒரு அடி வைத்தால் பிஷப்புக்கு வழியே கிடையாது. முன்னால் எதிரியின் மூன்று சிப்பாய்கள், பின்னால் சொந்தச் சிப்பாய்கள்.

"அந்த இடத்துல ராணியால வெட்டவே கூடாது மதினி. மொதல்ல பிஷப்ப நடுவுக்குக் கொண்டுவந்து காப்பாத்திக்கணும். இது எம்புட்டோ வருசப் பழைய பொறி. தெரிஞ்சவங்க யாரும் மாட்ட மாட்டாங்க."

"நீ மாட்டுவியா?"

"நானா?" என்று சிரித்தாள். "நான் மாட்டுனா எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு அர்த்தம்."

படிப்பு முடிந்த கையோடு அவளுக்கு மாப்பிள்ளை வந்தது. திருமங்கலத்தைத் தாண்டி உள்ளே போகிற ஊர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். வீட்டில் அவரும் அவர் அம்மாவும்தான். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை போய் விசாரித்து வந்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இதை ஏன் சொல்கிறேனென்றால், அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. படிக்கிறவர்கள் அப்படி யாரையாவது தேட வேண்டாம்.

சீர்ப் பாத்திரங்களோடு அவள் தன் மரப் பலகையையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று, அடுப்படியில் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். போஸ்ட் கார்டில் ஆடுவது. அவள் ஒரு கார்டு, நான் ஒரு கார்டு. கார்டுக்கு ஒரு மூவ்.

"ஆனா ஒண்ணு," என்றேன். "நலம், நலமறிய ஆவல்னு எழுதுன, கிழிச்சுப் போட்டுருவேன். மூவ் மட்டும் எழுது. அடுத்தவன் படிக்கிற கார்டுல நம்ம கதை எதுக்கு?"

"அப்ப நான் நல்லாருக்கேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா ஆடுனா நல்லாருக்கேன்னு அர்த்தம். போ."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அழுகை வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

கார்டுகள் வர ஆரம்பித்தன. ஒரு எழுத்து, ஒரு எண், அவ்வளவுதான். ஆனையூர் தபால்காரர் முதலில் குழம்பினார், அப்புறம் அவருக்கும் ருசி பிடித்துவிட்டது. "என்னக்கா, இன்னைக்குக் குதிரையா, யானையா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளை நிறுத்துவார். ஒரு மூவுக்கு ஒரு வாரம் ஆகும், சில சமயம் பத்து நாள். பலகையை நான் பீரோ மேல் அப்படியே வைத்திருந்தேன், தூசி தட்டும்போதுகூடக் காய் நகராமல் தட்டுவேன். அவள் நன்றாக ஆடினாள். முதல் ஆட்டத்தில் என்னை நொறுக்கினாள். கடைசி மூவைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கா என் கண்ணு என்று கார்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் அவளுக்குக் கரு தங்காமல் போயிற்று. மாப்பிள்ளை போன் பண்ணிச் சொன்னார். நாங்கள் போய்ப் பார்த்து இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். அடுத்த மாதங்களில் அவள் மூவ்கள் சரியாகத்தான் வந்தன, கொஞ்சம் தாமதமாக. ஒரு தடவை மட்டும் காய் எங்கே நிற்கிறது என்பதில் எங்களுக்குள் குழப்பம். யானை போகவே முடியாத கட்டத்துக்கு அவள் அதை நகர்த்தியிருந்தாள். நான் சும்மா இருக்காமல், ஒரு கார்டில் ஸ்கேல் வைத்து எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொரு காய்க்கும் ஒரு எழுத்தாக நிரப்பி, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு அனுப்பினேன். அழகாகத்தான் இருந்தது. அதற்கு வந்த பதிலில் மூவுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "மதினி, இனிமேல் கட்டம் போட்டு அனுப்ப வேண்டாம்."

ஏன் என்று எழுதவில்லை. அந்த வருடப் பொங்கல் சீர் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது.

நாங்கள் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். வாங்கி வைத்தார்கள், காபி கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம் அவளுடைய மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படிக்காத அம்மா. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா நெனைக்காதத்தா. கட்டம் கட்டமா, எழுத்தெழுத்தா, செவப்பு மையில ஒண்ணு எழுதி வந்துச்சே, அது என்னாத்தா? நம்ம புள்ளைக்கு வயித்துல தங்காமப் போன வீடு. அந்தக் கட்டத்தப் பாத்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. செய்வினைத் தகடு மாதிரி இருந்துச்சு."

இப்போது நினைத்தால் அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? அவர் கண்ட கட்டமெல்லாம் தகட்டில் எழுதின கட்டம்தான். பயந்துபோய் வந்து மெல்லக் கேட்கிறார். "அத்தை, அது விளையாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லி, பலகையை எடுத்துவரச் சொல்லி விரித்துக் காட்டியிருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நான் அப்படியா செய்தேன்? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"செய்வினையா? நான் என்ன சூனியக்காரியா? எங்க வீட்டுப் புள்ளைக்கு நானே செய்வினை வைப்பேனா? யாரு சொல்லிக் குடுத்துக் கேக்குறீங்க?" என்றேன். அந்த அம்மா, "இல்லத்தா, இல்லத்தா" என்று எழுந்தார். விட்டிருக்கலாம். "எழுதப் படிக்கத் தெரியாட்டா தெரிஞ்சவங்கள்ட்டக் கேக்கணும். வாய்க்கு வந்தத நெனச்சுக்கிட்டு இருந்தா?" என்றேன். அதோடும் விடவில்லை. "புள்ள தங்காததுக்கு என் கார்டுதான் காரணமா? உங்க வீட்டுச் சோத்த யாரு பாத்தா?" என்றேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவர்களெல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாத்தனார் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, கோபத்தில்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் விட்டுவிட்டு வந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"ஒரு தடவ கேட்டாப் போதாதா மதினி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மூவுதான், எழுதுங்க," என்று திரும்பி நடந்தாள்.

பஸ் திருமங்கலம் வரும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன், இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், அந்த அம்மாவாக வந்து கூப்பிட்டால்தான் உண்டு என்று. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருநகர் தாண்டிய பிறகுதான், "அது நம்ம புள்ள வாழுற வீடு," என்றார். அதற்கும் நான் ஏதோ சொன்னேன்.

அடுத்த பொங்கலுக்கு அவர் மட்டும் சீர் கொண்டுபோனார். அதற்கு அடுத்த பொங்கலுக்கும் அவர் மட்டும்தான். அவளை அழைத்துவந்து பத்து நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அங்கே மாமியாருக்கு மூட்டுவலி, ஆள் இல்லை, அனுப்ப முடியவில்லை என்று பதில் வரும். அந்தம்மா வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று நான் திட்டுவேன். மூட்டுவலி உண்மைதான் என்று அப்புறம் தெரிந்தது. போன் இருந்தது, ஆனால் அவர்களுக்குக் கடையில்தான் போன். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க அவள் என்ன பேசுவாள்? "நல்லாருக்கேன் மதினி, வச்சுர்றேன்."

கார்டுகள் மட்டும் நிற்கவில்லை. கட்டம் இல்லாமல், மூவ் மட்டும்.

இரண்டாவது ஆட்டத்தையும் அவளே ஜெயித்தாள். மூன்றாவது ஆட்டத்தில் அவளுக்கு வெள்ளை. மூன்றாவது கார்டில் பிஷப் வந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு, பழைய அடுப்படி ஞாபகம். ஓரத்துச் சிப்பாயைத் தள்ளிக் கேட்டேன். பிஷப் பின்வாங்கியது. கேட்டேன். மறுபடி பின்வாங்கியது. குதிரைகள் வெட்டுப்பட்டன. இதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. நடுவில் அந்தச் சிப்பாய் நின்றது. ராணியால் வெட்டவே கூடாத சிப்பாய்.

கார்டு வந்தது. ராணியால் வெட்டியிருந்தாள்.

நான் நம்பவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதியைப் பார்த்தேன். பலகையைக் கீழே இறக்கி வைத்து முதல் மூவிலிருந்து ஆடிப் பார்த்தேன். அதேதான், அவளே சொல்லிக்கொடுத்த பொறி, அவளே வந்து நிற்கிறாள். எனக்கு அப்போது வந்ததெல்லாம் சந்தோஷம்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு ஒன்றும் தோன்றவில்லை. நான்கைந்து வருடமாகத் தோற்றவளுக்கு முதல் தடவை ஜெயிக்கப்போகிறோம் என்கிற வெறி. மூன்றாவது சிப்பாயை விட்டு ராணியை மிரட்டினேன். ராணி ஓடியது, இரண்டு செக் வைத்துப் பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை. நான் கடைசி அடி வைத்தேன். பிஷப் உள்ளே மாட்டிக்கொண்டது.

அந்தக் கார்டில் முதல் தடவையாக மூவுக்குக் கீழே எழுதினேன். பெரிய எழுத்தில் எழுதினேன்: "மாட்டுனியா! கிறுக்குப் புடிச்சிருச்சா? ஊர் சுத்தப் போன பிஷப்புக்கு வீட்டுக்கு வர வழி தெரியல!"

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. "தோத்துட்டேன் மதினி. அடுத்த ஆட்டம் நீங்க வெள்ளை. சீக்கிரம் ஆரம்பிங்க. வரும்போது சின்ன போர்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

வாங்கத்தான் செய்தேன். டவுன்ஹால் ரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், காந்தம் வைத்த சின்ன போர்டு, மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். மர போர்டு வைத்திருக்கிறாளே, எதற்கு இன்னொன்று என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், "நீயே வந்து குடு, அது உன்னத்தான் வரச் சொல்லியிருக்கு," என்றார். என்னைத்தான் வரச் சொன்னாள். எனக்கும் புரிந்தது. ஆனால் மாமியார் கூப்பிடாமல் நான் எப்படிப் போவது? போர்டு பீரோவுக்குள் இருந்தது. வெள்ளை நான்தான், முதல் மூவ் என்னுடையது. அதையும் எழுதவில்லை. நேரில் கொடுக்கும்போது அங்கேயே உட்கார்ந்து ஆரம்பிக்கலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. இன்னும் உள்ளுக்குள் என்ன இருந்தது தெரியுமா? ஜெயித்தது நான், அவள் கொஞ்ச நாள் காத்திருக்கட்டுமே என்கிற கொழுப்பு.

ஐந்து மாதம் கழித்து மாப்பிள்ளை போன் செய்தார். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், பக்கத்து ஊரில் போய் மருந்து கட்டினார்கள், இறங்கவில்லை. மதுரைக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றார். நான் ஓடினேன். போகிறபோது பீரோவைத் திறந்து அந்தப் போர்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன், கண் விழித்ததும் காட்டலாம் என்று. உடம்பெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். என் குரலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. வராந்தாத் தரையில் அவளுடைய மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், முட்டி மடங்கவில்லை. நான் அவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அப்போதும் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த வாசப்படியை மிதித்தேன்.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு மாமியார் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். என் கார்டுகள். வந்த வரிசைப்படி அடுக்கி, தலைப்பின்னலுக்குக் கட்டுகிற ரிப்பனால் கட்டியிருந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு வேறு ஒன்றை நான் தேடினேன்.

"அவ கொண்டுவந்த செஸ் பலகை எங்கத்தை?"

அந்த அம்மா தரையைப் பார்த்தார். "அது இல்லத்தா. அன்னைக்கு நீ சண்ட போட்டுட்டுப் போன மறுநாளே நாந்தான் எடுத்து ஆத்துல விடச் சொல்லிட்டேன். எனக்குக் கட்டத்தப் பாத்தாலே பயம். அவ எதுத்து ஒண்ணும் சொல்லல. சரிங்கத்தைன்னா."

இரண்டு வருடம். இரண்டு வருடம் அவளிடம் பலகையே இல்லை. அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அடுத்த பஸ் ஏறி வந்து இன்னொரு சண்டை போட்டிருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

"அப்புறம் எப்படி ஆடுனா?" என்றேன்.

"ஆடுனாளா? எனக்கு என்னாத்தா தெரியும். உன் கார்டு வந்தா கையில வச்சுக்கிட்டு, கண்ண மூடி இந்தா, இந்த மூலையிலதான் உக்காந்திருப்பா. ரொம்ப நேரம் உக்காந்திருப்பா. நான் சாமி கும்புடுறான்னு நெனச்சுக்கிட்டுச் சத்தம் காட்டாம இருப்பேன்."

முழு ஆட்டத்தையும் தலைக்குள் வைத்து ஆடியிருக்கிறாள். முப்பத்திரண்டு காய்களையும், அந்த அறுபத்து நான்கு கட்டத்தையும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில். ராணியால் வெட்டின அன்று, தன் பக்கத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தி பிஷப்புக்கு வழி விட்டிருப்பதாக நினைத்திருப்பாள். அந்தச் சிப்பாய் நகரவே இல்லை. உடம்பு முடியாத ஒரு நாளில், அல்லது மனசு முடியாத ஒரு நாளில், ஒரு சிப்பாய் இடம் மாறித் தெரிந்துவிட்டது. நல்லா ஆடுனா நல்லாருக்கேன்னு அர்த்தம் என்று சொல்லி அனுப்பியவள் நான். நான் சொன்னபடிதான் அவள் செய்திருக்கிறாள். நான்தான் படிக்கவில்லை.

மாமியார் கட்டைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கார்டை எடுத்தார். அதில் மட்டும்தான் எழுத்து அதிகம், பெரிய எழுத்து. படிக்கத் தெரியாதவருக்கும் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

"இது வந்தன்னைக்குத்தான் ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. கண்ணு தெறந்தப்பக் கண்ணெல்லாம் தண்ணி. என்னாடின்னு கேட்டேன், மதினி எழுதியிருக்குங்கத்தைன்னா. வேற ஒண்ணும் சொல்லல." கார்டை என்னிடம் நீட்டினார். "என்னாத்தா எழுதியிருந்த? படிச்சுச் சொல்லு."

வாங்கிக்கொண்டேன். என் எழுத்து. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருந்ததில் கார்டின் பின்பக்கம்கூடத் தடம் தெரிந்தது. அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கியான்னு கேட்டிருக்கேன் அத்தை," என்றேன்.

"அதானே," என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற என்ன எழுதப்போற."

அந்தக் கட்டு இப்போது என் பீரோவில் அந்தச் சின்ன போர்டோடு இருக்கிறது. அத்தனை கார்டையும் பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றில்கூட நான் அதைக் கேட்டிருக்கவில்லை.